ஐந்து கிலோ நாய்க்கு ஏக்கர் கணக்கு வேண்டாம்!

திருவள்ளூர் மாவட்டம், வேப்பம்பட்டு பக்கம் முன்பெல்லாம் நாய் என்றால் களத்துமேட்டில் படுத்துக்கிடக்கும் நாட்டு நாய்தான். இப்போது பல வீட்டு வாசல்களில் வேறொரு நாய் நிற்கிறது. புசுபுசுவென்ற வெள்ளை முடி, கூர்மையான மூக்கு, விறைத்த சின்னக் காது, முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால். ஆள் நுழைவதற்கு முன்பே குரைத்து ஊரைக் கூட்டிவிடும்.

இந்த நாய் இங்கே வந்து சேர்ந்த கதையும் ஊர் மாறிய கதையும் ஒன்றுதான். நெல் வயல்களில் பாதி வீட்டுமனைகள் ஆகிவிட்டன. பிள்ளைகள் அம்பத்தூருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ் ஏறினால் திரும்பிவர பத்து, பன்னிரண்டு மணி நேரம். பகல் முழுக்க வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான். அவர்களுக்குப் பேச்சுத்துணையாக, காவலாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் வாங்கிவந்து விடுவது பெரும்பாலும் இந்த வெள்ளை நாயைத்தான்.

மாடும் ஆடும் கோழியும் வளர்த்துப் பழகிய குடும்பத்துக்கு ஒரு சின்ன நாய் பெரிய வேலையாகத் தெரியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உழவர் கைக்குப் பழகிய அளவுகள் எல்லாம் ஏக்கர் கணக்கு, டேங்க் கணக்கு, முந்நூறு கிலோ மாட்டுக் கணக்கு. இந்த நாயின் எடையோ ஐந்து, ஆறு கிலோ. மருந்தோ, தீனியோ, வெயிலோ... எல்லாவற்றையும் அந்த ஐந்து கிலோவுக்கு அளந்து பார்த்தால்தான் இது பிழைக்கும்.

பெயர் பாமரேனியன்... ஆள் வேறு!

ஊரில் இதை 'பாமரேனியன்' என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் நம் ஊர்களில் இருக்கும் பெரும்பாலான 'பாமரேனியன்'கள் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவை. பிரிட்டிஷார் காலத்தில் இங்கே வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்தவை. பல தலைமுறைகளாக இங்கேயே பெருகியதால் நம் வெயிலையும் நம் வீட்டுச் சோற்றையும் ஓரளவு தாங்கும். இதில் சிறிய வகை 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். பெரிய வகை 12 கிலோவுக்கு மேல் போகும். 1994-ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் 'டஃபி'யாக வந்ததும் இந்த இனம்தான்.

அசல் பாமரேனியன் இதைவிடச் சிறியது. பால்டிக் கடலோரத்தில் உள்ள பொமரேனியா பகுதியின் பெயரைக் கொண்டது. அந்தக் காலத்தில் அதுவும் பெரிய நாய்தான். விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலிக்குப் போனபோது சிறிய பாமரேனியன்களை விரும்பி வாங்கிவந்தார். அதற்குப் பிறகு சிறிய நாய்தான் மதிப்பு என்றாகி, தலைமுறை தலைமுறையாகச் சிறுக்கவைத்தார்கள். இப்போது அசல் பாமரேனியன் 2 முதல் 3 கிலோ, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் போனால் பணம் நஷ்டம். சாதாரண ஸ்பிட்ஸ் குட்டியையே 'டாய் பாம்' என்று சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். குட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தாயைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாயின் அளவுக்குத்தான் குட்டியும் வரும். மூக்கு அமுங்கிய பக், ஷிட்ஸு வகைகளை வயல் வீடுகளுக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூக்கு அமுங்கிய நாய்க்கு அந்த வழியே குறுகல். திருத்தணி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மாவட்டத்தில் அது படும் பாடு கொஞ்சமல்ல.

உண்ணிக்கு ஊற்றிய மருந்து!

வேப்பம்பட்டு அருகே ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் மல்லிகையும் வைத்திருக்கிறார் ஒரு பெரியவர். மகன் சிப்காட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவர் வாங்கிவந்து விட்ட ஸ்பிட்ஸ் நாய்க்கு ஜூலி என்று பெயர். பெரியவரின் மனைவிக்கு முழங்கால் வலி. வெளியே அதிகம் நடமாட்டம் இல்லை. பூத்தொடுக்கும்போது ஜூலி மடியை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அந்த அம்மாவும் அதனிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்.

ஒரு கோடையில் ஜூலிக்கு உண்ணி பிடித்தது. காதுக்குள், கழுத்தடியில், விரல் இடுக்கில் என்று கொத்துக் கொத்தாக. பெரியவர் கையால் பிடுங்கிப் பார்த்தார். மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தார். மறுநாள் பார்த்தால் மறுபடியும் அதே அளவு உண்ணி. பரணில், போன போகத்தில் நெல்லுக்கு வாங்கி மீந்துபோன குளோர்பைரிபாஸ் பாட்டில் இருந்தது. அரை வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றிக் கலக்கி, நாயைக் குளிப்பாட்டி வெயிலில் கட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து மனைவி போன் செய்தார். "ஏங்க, ஜூலிக்கு என்னமோ ஆவுது. வாயில எச்சி ஊத்துது, கால் நிக்கமாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

வந்து பார்த்தபோது நாய்க்கு உடம்பெல்லாம் நடுக்கம். நின்ற இடத்திலேயே சிறுநீர் போயிருந்தது. மோரைக் கரைத்து ஊற்றலாம் என்று பெரியவர் செம்பை எடுத்தார். போனில் இருந்த மகன் தடுத்துவிட்டார். "அப்பா, வாயில எதுவும் ஊத்தாதீங்க. சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அந்த மருந்து பாட்டிலையும் மறக்காம எடுத்துக்குங்க." தொழிற்சாலையில் ரசாயனப் பாதுகாப்புப் பயிற்சியில் கற்றுக்கொண்டது, நாய்க்கு உதவியது.

கால்நடை மருத்துவர் பாட்டிலைப் பார்த்ததுமே அட்ரோபின் ஊசியை எடுத்தார். என்ன மருந்து என்று தேடிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமானது. இரண்டு நாள் சிகிச்சைக்குப் பிறகு, மூன்றாம் நாள் ஜூலி நாலு வாய் தயிர்சாதம் தின்றது.

"முப்பது வருஷமா மருந்து அடிக்கிறேன். அது வெசம்னு எனக்குத் தெரியாதா டாக்டர்? ஒரு மூடிதானேன்னு நெனச்சிட்டேன்" என்றார் பெரியவர்.

ஒரு மூடியில் எவ்வளவு விஷம்?

அந்த 'ஒரு மூடி'யைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. என்றால் நூற்றுக்கு இருபது பங்கு விஷம். மூடியில் 10 மில்லி பிடிக்கும் என்றால், அதில் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் விஷம் இருக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கும்போது 10 மில்லி ஒன்றுமில்லை. ஐந்து கிலோ உடம்பில் அது கிலோவுக்கு 400 மில்லிகிராம். அதில் கொஞ்சம் தோல் வழியாக இறங்கினாலும், முடியை நக்கி வயிற்றுக்குள் போனாலும் போதும், உயிருக்கு ஆபத்துதான்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் பூச்சியின் நரம்பில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்கிக் கொல்கின்றன. அதே நொதி நாய்க்கும் இருக்கிறது, மனிதனுக்கும் இருக்கிறது. நாயைத் தொட்டுத் தடவும் அந்த அம்மாவுக்கும், வெறுங்கையால் கலக்கிய பெரியவருக்கும் அந்த விஷம் பொதுதான்.

பூச்சிமருந்து பாட்டிலில் இருக்கும் முக்கோணத்தைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம். அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எந்த நிறமாக இருந்தாலும் பயிருக்கு வாங்கியது நாய்க்கு ஆகாது. மாட்டுக்கொட்டகையில் உண்ணிக்கு அடிக்கப் பல வீடுகளில் வைத்திருந்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பாட்டில் பரணில் கிடந்தால் அதை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. கிணற்றிலும் வாய்க்காலிலும் கொட்டவும் கூடாது. வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் அப்புறப்படுத்த வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் இருக்கிறது. நெல்லுக்கு வாங்கும் மருந்திலும் ஃபிப்ரோனில் இருக்கிறது. 'பெயர் ஒன்றுதானே' என்று நெல் மருந்தை எடுத்துத் தடவிவிடுகிறார்கள். விஷத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம். அதோடு கலந்திருக்கும் கரைப்பான்களும் துணைப்பொருள்களும் வேறு. நாய் மருந்து தோலுக்கென்று தயாரித்தது. 10 கிலோ வரையுள்ள நாய்க்கு 0.67 மில்லி என்று அளந்தே சின்னக் குழாயில் அடைத்துத் தருகிறார்கள்.

மாட்டு மருந்துக்கும் இதே கதைதான். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து. 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது மாட்டுக் கணக்கு. அதே கணக்கில் 5 கிலோ நாய்க்கு வருவது 0.1 மில்லிதான், அதாவது பத்தில் ஒரு பங்கு. 'சின்ன நாய்தானே, ஒரு மில்லி போதும்' என்று போட்டால் அது பத்து மடங்கு. நாய்க்கு அந்த மருந்து தேவையா, இல்லையா என்பதையே மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உண்ணி நாய்மேல் மட்டும் இல்லை!

பிடுங்கப் பிடுங்க உண்ணி ஏன் வந்துகொண்டே இருந்தது? நாய் உண்ணி மூன்று பருவத்திலும் நாயின் ரத்தத்தைக் குடிக்கும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் கீழே விழுந்து சுவர் இடுக்கு, கதவு நிலை, சாக்கு மடிப்பு என்று ஒளிந்துகொள்ளும். தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதும் அங்கேதான். நாயின்மேல் தெரிவது கொஞ்சம். மீதி வீட்டில் இருக்கிறது. அதனால் இரண்டு இடத்திலும் வேலை நடக்க வேண்டும்.

நாய்க்கு, மருத்துவர் எடை பார்த்துத் தரும் முதுகுச் சொட்டு மருந்தோ, அஃபோக்சோலேனர், ஃப்ளூராலேனர் போன்ற மாத்திரையோ போதும். வீட்டில், நாய் படுக்கும் இடத்தின் சுவர் விரிசல்களைப் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். படுக்கைத் துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். பழைய சாக்குகளை எரித்துவிடலாம். கையில் கிடைக்கும் உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். ஊர்ப் பெயரிலேயே வேம்பு இருக்கிறது. வேப்பெண்ணெய் தடவினால் ஓரளவு விரட்டும். ஆனால், கொத்தாகப் பிடித்த உண்ணியை அது மட்டும் தீர்க்காது.

இதில் அலட்சியம் கூடாது. உண்ணிக் காய்ச்சல்தான் இந்த நாய்களை அதிகம் வாட்டும் நோய்களில் ஒன்று. காய்ச்சல், தீனி மறுத்தல், ஈறு வெளுத்துப்போதல், மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர்... இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். தொடக்கத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் குணமாகும். நாயின் ஈறு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று நன்றாக இருக்கும்போதே உதட்டைத் தூக்கிப் பார்த்து வைத்துக்கொள்வது உதவும்.

மொட்டையும் வேண்டாம்... மொட்டைமாடியும் வேண்டாம்!

கோடை வந்ததும் 'பாவம், எவ்வளவு முடி' என்று மழித்துவிடுபவர்கள் உண்டு. ஸ்பிட்ஸ் நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு போன்ற முடி, மேலே நீண்ட முடி. மேல் முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கும். அடியோடு மழித்தால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்கு முடி மறுபடி சரியாக வளர்வதும் இல்லை. வாரத்துக்கு மூன்று முறை சீப்பால் வாரி, உதிர்ந்த உள்முடியை எடுத்தாலே காற்றோட்டம் கிடைக்கும். குளிப்பாட்டுவது இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். அடிமுடி வரை காய வேண்டும். ஈரம் தங்கினால் புண் வரும்.

தகரக் கொட்டகையிலும் மொட்டைமாடியிலும் கட்டிவைக்கக் கூடாது. மரநிழலில் மண்தரை, மண்சட்டியில் தண்ணீர்... இதுவே ஏ.சி. போல. நடக்கவிடுவது காலை 7 மணிக்கு முன்பும் மாலை வெயில் இறங்கிய பிறகும் மட்டும். கடுமையாக மூச்சிரைத்து, ஈறு சிவந்து, தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் வயிறு, தொடை, பாதங்களை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இந்தச் சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது. கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் இருமல் வரும். நெஞ்சோடு மாட்டும் பட்டைதான் நல்லது.

பத்து பிஸ்கெட்டில் பாதி நாள் தீனி!

ஐந்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 முதல் 400 கிலோகலோரி தேவை. ஒரு குளுக்கோஸ் பிஸ்கெட்டில் சுமார் 25 கிலோகலோரி. டீ குடிக்கும்போதெல்லாம் இரண்டு என்று பத்து பிஸ்கெட் போட்டால் பாதி நாள் தீனிக்கு மேல் உள்ளே போய்விட்டது. 'சோறே திங்கமாட்டேங்குது' என்ற புகாருக்கும், மூன்று வயதிலேயே குண்டாகி மூட்டுவலி வருவதற்கும் காரணம் இதுதான்.

நாளுக்கு இரண்டு வேளை போதும். சோற்றோடு வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, கொஞ்சம் காய் என்று கலந்து கொடுக்கலாம். தயிர்சாதம் மட்டுமே போட்டால் புரதம் பற்றாது. சாம்பார் சாதத்தில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சை, சாக்லேட் இரண்டும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். எலிக்கு வைக்கும் மருந்து எதுவாக இருந்தாலும், நாய் நடமாடும் வீட்டில் வைக்கவே கூடாது.

ஊசி... குட்டிக்கும் குடும்பத்துக்கும்!

குட்டிகளைப் பறித்துப்போவது பார்வோ. வாந்தி, ரத்தக் கழிச்சல், ஓரிரு நாளில் சுருண்டுவிடும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. பிறகு 16 வாரம் ஆகும் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை. தடுப்பூசி முடியும் வரை தெருவில் விடக் கூடாது.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும். 'வீட்டு நாய்தானே, சின்னப் பல்தானே' என்று இதை மட்டும் விடவே கூடாது. வாசலில் ஒரு தெருநாய் கடித்தால் போதும், இதற்கும் நோய் வரும். வந்த பிறகு நாய்க்கும் மருந்தில்லை, மனிதனுக்கும் மருந்தில்லை. எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். நாள் விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் ஒரு கணக்கு!

ஸ்பிட்ஸ் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12, 14 ஆண்டுகள் இருக்கும். அறுபத்தைந்து வயதுத் தாய்தகப்பனுக்குக் குட்டி வாங்கித் தரும் பிள்ளை, பத்து ஆண்டு கழித்து அதை யார் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று யோசிக்க வேண்டும். குட்டி விலை ஒரு முறைதான். ஊசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து ஆண்டு முழுக்க உண்டு. பெண் நாய்க்குக் குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுவது நல்லது. வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயிலிருந்து அது காப்பாற்றும்.

பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் முடியாததற்குப் பெரிய இடங்களும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு இடம்மாறிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு, வேப்பம்பட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் போய்விடலாம். மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக வளாகமும் இருக்கிறது. எங்கே போனாலும் இரண்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒன்று, தடுப்பூசி அட்டை. மற்றொன்று, நாய் ஏதாவது தின்றிருந்தால் அல்லது மேலே பட்டிருந்தால், அந்த மருந்தின் பாட்டில்.

வீட்டில் மளிகைக்கு வைத்திருக்கும் தராசிலேயே மாதம் ஒரு முறை நாயைத் தூக்கி நிறுத்தி எடையைச் சுவர்க் காலண்டரில் குறித்துவைக்கலாம். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். எடை தெரிந்தால் மருந்தின் அளவு தெரியும். அளவு தெரிந்துவிட்டால், பரணில் இருக்கும் பாட்டிலைத் தேடிக் கை போகாது.